இடுப்பளவுக் கல்

மச்சான் போன் செய்தபோது நான் ஒரு பெண்ணுக்கு நகம் செய்துகொண்டிருந்தேன். களிமண் நகங்கள். விரலை விட நீளமானவை, கழுகுக்கு இருப்பதைப் போல உள்நோக்கி வளைந்தவை. கையெல்லாம் மண். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன்.

"மாப்ள, கல்லு விஷயம் என்னாச்சு? ஒரு வார்த்தை சொல்லுங்க. திதி நெருங்குது."

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். கல் என்றால் சுமைதாங்கிக் கல். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோனவளுக்காக எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்தில் பாதையோரமாக நடுவது. இரண்டு கல்லை நிறுத்தி, மேலே ஒன்றை ஆள் உயரத்தில் படுக்கப் போட்டிருக்கும். விறகோ புல்லுக்கட்டோ தலையில் சுமந்து வருகிறவர், யார் கைபிடித்து உதவவும் தேவையில்லாமல் சுமையை அதன்மேல் தள்ளிவிட்டு, நின்று மூச்சு வாங்கி, மறுபடி தலைக்கு மாற்றிக்கொண்டு போகலாம். சுமையை இறக்காமலே போய்விட்டவளுக்கு, வழிப்போக்கர் ஒவ்வொருவர் இறக்கி வைக்கும்போதும் கொஞ்சம் இறங்கும் என்பது நம்பிக்கை.

என் மனைவி எட்டாம் மாதத்தில் போனாள். ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்து, ஆம்புலன்ஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. அது நடந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. முதல் திதிக்குள் கல் நட வேண்டும், கணவன்காரன் நின்றுதான் நட வேண்டும் என்று மச்சான் சொல்லிக்கொண்டே இருந்தார். இடம்கூடப் பார்த்துவிட்டார். எங்கள் ஊருக்குப் பாதை பிரியும் இடத்தில், பஸ் நிற்கும் புளியமரத்துக்குப் பக்கத்தில். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"எவன் மச்சான் இப்ப தலையில சுமக்குறான்? எல்லாப் பயலும் டாடா ஏஸ்லயும் டிவிஎஸ்லயும் போறான். யாரும் எறக்கி வைக்காத கல்ல நட்டு என்ன செய்ய?"

"அப்ப அவளுக்கு எறங்கவே வேணாங்கிறியளா?"

டியூட்டியில் இருக்கிறேன், பிறகு பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டு அடுத்த நகத்துக்குப் போனேன். எனக்குக் கோபமும் இல்லை, துக்கமும் இல்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் விரலுக்குத் தெரியும், கன்னத்துக்குத் தெரியாது. அந்த வருஷம் முழுக்க நான் அப்படித்தான் இருந்தேன்.

ஷார்ஜாவில் எங்கள் பட்டறை. ஊரில் கோபுரங்களுக்குச் சுதை வேலை செய்தவன் நான். இங்கே வந்து மால்களுக்குப் பனிமனிதனும் டைனோசரும் ஒட்டகமும் செய்கிறேன். களிமண்ணில் உருவம் பிடித்து, அதிலிருந்து மோல்டு எடுத்து, ஃபைபரில் வார்த்தால் சாமியும் டைனோசரும் எடையில் ஒன்றுதான். பெயின்ட் அடிப்பது ஒரு பாய். கீழக்கரைக்காரர், என்னை விட மூத்தவர். காய்ந்த சிமென்டை நூறு வருஷத்துப் பாறையாக்கிவிடுவார். என் ரூமில் மேல் கட்டில் அவருடையது.

அந்த முறை வந்த ஆர்டர் மெக்சிகோவிலிருந்து. துபாயில் ஒரு பெரிய மாலின் நடுக்கூடத்தில் ஆஸ்டெக் மக்களைப் பற்றிக் கண்காட்சி. அசல் சிலைகள் கடல் தாண்டி வராது, அதனால் நகல்கள் வேண்டும். சூரியக் கல் ஒன்று, பாம்புத் தலைகள், மண்டையோட்டுச் சுவர் ஒன்று, கடைசியாக உட்கார்ந்திருக்கும் பெண் ஒருத்தி. சரிபார்க்க மெக்சிகோக்கார மேடம் ஒருவர் லேப்டாப்போடு தினம் பட்டறைக்கு வருவார். என்னை விட இளையவர். உட்கார நாற்காலி போட்டால் களிமண் டிரம் மேல் உட்காருவார். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் சமமான லட்சணத்தில் இருந்ததால் ஒருவருக்கொருவர் நன்றாகப் புரிந்தது.

அவர் சொல்லித்தான் எனக்கு அந்த மக்களைத் தெரியும். ஏரிக்கு நடுவில், சேற்றுத் தீவில், கால்வாய்களோடு ஒரு தலைநகரம் கட்டியவர்கள். சேற்றை அள்ளி மேடு போட்டு அதில் சோளமும் மிளகாயும் பூவும் போட்டவர்கள். தேவர்கள் தங்களைப் பலி கொடுத்துத்தான் சூரியனை ஓட வைத்தார்கள், அந்தக் கடனை மனிதன் ரத்தத்தால் அடைக்காவிட்டால் சூரியன் நின்றுவிடும் என்று நம்பினார்கள். கோயில் படிகளில் மனிதர்களின் நெஞ்சைப் பிளந்தார்கள். நாங்கள் தங்கும் கேம்பில் இதைச் சொன்னபோது ரூமே சுறுசுறுப்பாகிவிட்டது. சோறு தின்றுகொண்டே எல்லோரும் விவரம் கேட்டார்கள். அவர்களுடைய சோளத் தோட்டத்தைப் பற்றி ஒருவன்கூடக் கேட்கவில்லை.

பிறகு ஸ்பெயின்காரன் வந்தான். வாளோடு அம்மை நோயும் வந்தது. நகரம் விழுந்தது. கோயில் கல்லைப் பெயர்த்துச் சர்ச் கட்டினார்கள், சிலைகள் மண்ணுக்குள் போயின. இப்போதும் அங்கே மெட்ரோவுக்கோ கட்டடத்துக்கோ தோண்டினால் ஏதாவது தலைகாட்டும் என்றார் மேடம். முன்பு ஒருமுறை பாம்புப் பாவாடை கட்டிய ஒரு பெரிய தாய்த் தெய்வத்தைத் தோண்டி எடுத்து வைத்தார்களாம். ஊர் மக்கள் பூவும் மெழுகுவத்தியுமாக வரத் தொடங்கியதும் பாதிரியார்கள் பயந்துபோய் மறுபடி குழி தோண்டிப் புதைத்துவிட்டார்களாம்.

பாய் சிரித்தார். "நம்மூரா இருந்தா அடுத்த வாரமே உண்டியல் வச்சிருப்பாங்க."

உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு என்னிடம் கொடுத்தது புகைப்படங்கள் மட்டும்தான். மேடம் அந்த வாரம் மாலில் அளவெடுக்கப் போயிருந்தார். மண்டியிட்ட பெண். முகம் மண்டையோடு, கண் குழிக்குள் உருண்டை விழிகள், விரிந்த தலைமயிர், திறந்த மார்பு, இடுப்பில் பாம்பை முடிச்சுப் போட்ட வார். இரண்டு கைகளும் நகங்களோடு முன்னால் பாய்கிற மாதிரி. படங்களின் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. பிரசவத்தில் இறந்து தெய்வமானவள் என்று. நான் படித்தேன். படித்துவிட்டு மண்ணைப் பிசைந்தேன். வேலை எப்போதும் போல நடந்தது.

மேடம் திரும்பி வந்து சிலையைச் சுற்றி நடந்தார். முகம் நன்றாக இருக்கிறது என்றார். நகம் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு முன்னால் நின்று, தலையைச் சாய்த்து, "வயிறு ஏன்?" என்று கேட்டார்.

அப்போதுதான் பார்த்தேன். இடுப்பு வாருக்கு மேலே, மார்புக்குக் கீழே, நான் ஒரு வயிறு வைத்திருந்தேன். எட்டு மாத வயிறு. படத்தை எடுத்துப் பார்த்தேன். எந்தப் படத்திலும் வயிறு இல்லை. ஒட்டிய வயிறு, மடிப்புகூட இல்லை. கோபுரத்தில் எத்தனையோ பெண்ணுருவம் செய்த கை இது, படத்தை மீறி ஒரு விரல் மண்கூடச் சேர்த்ததில்லை.

மேடம் கோபப்படவில்லை. பொறுமையாகச் சொன்னார். இவள் கர்ப்பிணி இல்லை, இவள் போர்வீராங்கனை என்றார். அவர்களுக்குப் பிரசவம் ஒரு போர். பிள்ளை பெற்றவள் ஒரு கைதியைப் பிடித்து வந்த வீரனுக்குச் சமம். அதில் செத்தவள் போர்க்களத்தில் செத்த ஆணுக்குச் சமம். செத்தவர் எங்கே போவார் என்பது அவர் நல்லவரா கெட்டவரா என்பதைப் பொறுத்ததில்லை, எப்படிச் செத்தார் என்பதைப் பொறுத்ததுதான். போரில் செத்த ஆண்கள் விடியலிலிருந்து உச்சி வரை சூரியனைக் கூட்டிக்கொண்டு போவார்கள். உச்சியில் இந்தப் பெண்கள் வந்து வாங்கிக்கொள்வார்கள். மேற்கே இறங்கும் வரை சூரியனைப் பல்லக்கில் சுமப்பது இவர்கள்தான்.

"அப்ப அங்கயும் செமக்கத்தான் விட்டிருக்காங்க" என்றார் பாய் தமிழில், யாரையும் பார்க்காமல்.

நான் மேடத்திடம் கேட்டேன். சரி, வயிற்றில் இருந்த பிள்ளை எங்கே?

 பால்குடி வயதில் இறந்த குழந்தைகளுக்கு ஒரு மரம் உண்டு என்றார். அந்த மரத்திலிருந்து பால் சொட்டும், குழந்தைகள் அதன் கீழே வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கும், மறுபடி பூமிக்குப் போக முறை வரும் வரை. பிறக்காத குழந்தையும் அங்கே போகுமா என்று கேட்டேன். தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்றார். மறுநாள் வந்ததும் முதலில் அதைத்தான் சொன்னார். தேடிப் பார்த்தாராம், அதைப் பற்றி எங்கும் எழுதியிருக்கவில்லையாம். அவரிடம் நான் என் விஷயம் எதையும் சொல்லியிருக்கவில்லை.

வயிற்றை எடுக்க வேண்டும். கம்பி வளையத்தை எடுத்தேன். பாய் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"தம்பி, நா எடுக்கட்டுமா? நீ வெளிய போயி ஒரு டீ குடிச்சிட்டு வா."

"வேணாம் பாய். வேலதான."

சுரண்டி எடுத்தேன். மண் ஈரமாகத்தான் இருந்தது, சுலபமாக வந்தது. பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். ஊரில் என் மனைவிக்கும் அப்படித்தான் செய்தார்கள். வயிற்றுப் பிள்ளையோடு எடுத்துப் போகக் கூடாது, பிரித்துத் தனியாகப் புதைக்க வேண்டும். அதற்கென்று ஒரு ஆள் வந்தார். இதையெல்லாம் நான் போனில்தான் பார்த்தேன். என் விசா மாற்றம் பாதியில் இருந்ததால் உடனே கிளம்ப முடியவில்லை, அப்படிப் போனவளைப் பொழுது சாயும்வரை வைத்திருக்கவும் மாட்டார்கள். யாரோ போனைப் பிடித்திருந்தார்கள். பிரிக்கும் நேரத்தில் அவர்களே கேமராவை வானத்துக்குத் திருப்பிவிட்டார்கள். பிறகு பாடையைத் தூக்கும்போது நெட் நின்றுபோய், மஞ்சள் பூசிய அவள் பாதம் மட்டும் திரையில் அசையாமல் இருந்தது. காரியத்துக்குத்தான் என்னால் போக முடிந்தது.

சுரண்டிய மண்ணை டிரம்மில் போட்டு ஈரச் சாக்கால் மூடினேன். அதை மறுநாள் ஒரு பாம்புத் தலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

மோல்டு காய்ந்துகொண்டிருந்த நாட்களில் மேடம் இன்னொன்றும் சொன்னார். அப்படி இறந்தவளின் உடலுக்கு இளம் வீரர்கள் அலைவார்களாம். அவள் நடுவிரலும் தலைமயிரும் கிடைத்தால் கேடயத்தில் கட்டிக்கொள்ள. அவ்வளவு பலம் அதற்கு என்று நம்பிக்கை. அதனால் கணவனும் உறவுக்காரர்களும் அடக்கம் செய்த இடத்தில் ராத்திரியெல்லாம் காவல் இருப்பார்களாம். அடக்கத்துக்குக் கொண்டுபோகும்போது மருத்துவச்சிகள் கேடயம் ஏந்திக் கூச்சல் போட்டுக்கொண்டு கூட வருவார்களாம். உடலைச் சுமப்பது கணவன். முதுகில் சுமந்து போவானாம்.

"முதுகிலா?" என்று கேட்டேன்.

முதுகில்தான் என்றார்.

வேறு எதைச் சொன்னபோதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இது மட்டும் பிடித்துக்கொண்டது. அவள் கனம் எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் கண்மாய்க் கரையில் முள் குத்தி நடக்க மாட்டேன் என்று அடம்பிடித்தபோது முதுகில் தூக்கி வந்திருக்கிறேன். வழியெல்லாம் என் காதைத் திருகிக்கொண்டு வந்தாள். அந்த ஆஸ்டெக்காரன் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. செத்துப் பல நூறு வருஷமான ஒருவன் மேல் பொறாமைப்பட்டதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

அது கோடைக்காலம். உச்சிவெயிலில் வெளிவேலை செய்யக் கூடாது என்பது இங்கே சட்டம். அந்த இடைவேளையில் பட்டறை ஷட்டரை இறக்கிவிட்டு எல்லோரும் தரையில் படுத்துக்கிடப்போம். ஆண்கள் சூரியனைப் பெண்களிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கும் நேரமும் அதுதானே என்று ஒருநாள் நினைத்துக்கொண்டேன். ஷட்டர் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன். வெறும் வெயில்தான் இருந்தது. நான் வேறு என்ன எதிர்பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

சிலையை மாலில் வைத்த நாள் ஃபிட்டிங் வேலைக்கு நானும் பாயும் போயிருந்தோம். அவர்கள் ஊரில் இந்தப் பெண்களுக்கு நாற்சந்தியில்தான் மேடை. குறிப்பிட்ட சில நாட்களில் இவர்கள் மேற்கிலிருந்து நாற்சந்திக்கு இறங்கி வருவார்கள், அன்று தாய்மார்கள் பிள்ளைகளை வெளியே விட மாட்டார்கள், கண் பட்டால் கை கால் இழுத்துக்கொள்ளும். பயந்து வறுத்த சோளமும் ரொட்டியும் படைப்பார்கள். அதனால் மேடம் பிடிவாதமாக, மாலின் நான்கு பக்க வழிகளும் வந்து சேரும் இடத்தில்தான் இவளை வைக்க வேண்டும் என்றார். மேடை உயரத்தையும் அவர்தான் சொன்னார். குழந்தைகளுக்கும் முகம் தெரிகிற மாதிரி தாழ்வாக, இடுப்பளவுக்கு. மரப் பலகையில் நானே செய்தது. சுற்றிலும் ஒரு சாண் விளிம்பு விட்டிருந்தேன்.

கண்காட்சி தொடங்கியது. சூரியக் கல்லுக்கு முன்னால் செல்ஃபி எடுக்கக் கூட்டம். மண்டையோட்டுச் சுவருக்குக் கூட்டம். இவளிடம் யாரும் நிற்கவில்லை. கீறல் விழுந்தால் டச்-அப் செய்ய நானும் பாயும் ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தோம்.

யாரோ வீட்டில் வேலை செய்கிற பெண் ஒருத்தி வந்தாள். யூனிஃபார்ம் போட்டிருந்தாள். முதலாளியம்மா எங்கோ கடைக்குள் இருந்திருக்க வேண்டும். இடுப்பில் அவர்களுடைய குழந்தை, தூங்கிப்போய்க் கனத்துத் தொங்கியது. இரண்டு கையிலும் பைகள், தடித்த காகிதக் கடைப்பைகள், கயிறு விரலை அறுத்துக்கொண்டிருந்தது. சிலைப் பக்கம் அவள் பார்க்கவேயில்லை. மேடை விளிம்பில் பைகளை வைத்தாள். விரல்களை நீட்டி மடக்கினாள். குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். "ஸ்ஸ்... ஹா" என்று மூச்சு விட்டாள். எந்த ஊர்க்காரியோ, அந்த மூச்சுக்குப் பாஷை இல்லை. பிறகுதான் நிமிர்ந்து மண்டையோட்டு முகத்தைப் பார்த்தாள். பயப்படவில்லை. அவளுக்கு அவ்வளவு களைப்பு.

காவலாளி ஓடி வந்தார். "மாஃபி, மாஃபி சிஸ்டர். யல்லா." வைக்கக் கூடாது, கிளம்பு என்று அர்த்தம்.

அவள் பைகளை எடுத்துக்கொண்டு போனாள். காவலாளி அந்தப் பக்கம் திரும்பியதும் ஒரு வயதான அரபிக்காரர் தண்ணீர் பாட்டிலையும் மருந்துப் பையையும் அதே இடத்தில் வைத்துவிட்டுச் சட்டைப் பையில் எதையோ தேடினார். அவருக்குப் பிறகு ஒரு டெலிவரி ஆள், தோளில் கிடந்த பெட்டியை. அவருக்குப் பிறகு சுத்தம் செய்கிற பெண், தன் வாளியை. யாரும் சிலையைக் கும்பிடவும் இல்லை, படம் எடுக்கவும் இல்லை. கையில் கனத்ததை வைத்தார்கள், ஆசுவாசப்பட்டார்கள், எடுத்துக்கொண்டு போனார்கள்.

பாய் என் தொடையில் தட்டினார். "பாத்தியா தம்பி?"

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சாயங்காலம் மால் ஆட்கள் வந்து, சுற்றிலும் கயிறு கட்டச் சொல்லிவிட்டுப் போனார்கள். நாளைக்குக் கட்டுகிறோம் என்று பாய் அவர்களிடம் ஹிந்தியில் சொன்னார். கயிறு எங்கள் வண்டியிலேயே கிடந்தது.

சரக்கு இறக்கும் வாசலுக்குப் போய்ப் படியில் உட்கார்ந்து மச்சானைக் கூப்பிட்டேன். எனக்கு என் மனைவியைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அது எனக்குத் தெரிந்தது. அழுகை வந்தது என்று எழுத ஆசைதான், வரவில்லை.

"மச்சான், கல்லு நடலாம். லீவு போட்டுட்டு வர்றேன்."

 அவர் வேகமாகப் பேசினார். "நல்லது மாப்ள. புளியமரத்துக்குப் பக்கத்துலதான? ஆசாரிட்ட இன்னைக்கே சொல்லிர்றேன். ஆள் உசரத்துக்கு ரெண்டு கால் கல்லு..."

"ஆள் உசரம் வேணாம் மச்சான். யாரும் இப்ப தலையில கொண்டு வர்றதில்ல. எல்லாம் கைப்பைதான், இடுப்புப் புள்ளதான். பஸ்ஸுக்கு நிக்கிறவுக பைய வைக்கணும். இடுப்பளவு போதும்."

"சுமதாங்கிய அப்புடி யாரும் வைக்கமாட்டாக மாப்ள."

"நாம வைப்போம்."

அவர் யோசித்தார். தூரத்தில் ஒரு பஸ் ஹாரன் கேட்டது. "இடுப்பளவுன்னா ஆளாளுக்கு மாறுமே. ஆசாரிட்ட என்ன அளவு சொல்ல?"

டேப்பில் அளந்து சொல்லத்தான் வாயெடுத்தேன். என் தொழிலில் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

"ஒங்க தங்கச்சி குழாயடியில இருந்து கொடத்த இடுப்புல வச்சுக்கிட்டு வருவால்ல மச்சான்," என்றேன். "அந்தக் கொடத்தோட அடி எங்க நிக்கும், அந்த உசரம்."

அவருக்கு அந்த உயரம் தெரியும். தெரியாவிட்டால் அப்படி அழுதிருக்க மாட்டார்.